தவமணி போட்ட சட்டம்

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், மலை ஊற்றிலிருந்து பீலி வழியே விழும் தண்ணீர் நாளொன்றுக்கு வீட்டுக்கு நாலு குடம்தான் என்று சட்டம் போட்டவள் கொழுந்தெடுக்கும் தவமணி. கணக்கப்பிள்ளை வீட்டுக்கும் அதே நாலுதான். "இங்க பெரியவன் சின்னவன் கெடையாது" என்பாள். குடச்சண்டை நின்றது. லயத்துச் சனமே திருந்திவிட்டது என்று நம்பினாள்.

இந்தக் கோடையில் பீலி நூலாக ஒழுகியது. எந்த நாசமாய்ப்போனவன் வேலையோ என்று திட்டிக்கொண்டே மலையேறினாள். மேலே ஊற்றில் யாரோ கறுப்புக் குழாய் ஒன்றைச் செருகியிருந்தார்கள். தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்து இறங்கிய அதைப் பிடித்துக்கொண்டே வந்தவள், தன் வீட்டுச் சமையல் குசினிச் சுவரில் வந்து முட்டி நின்றாள்.

"எல்லாருக்கும் பாக்க நீ இருக்க. நமக்குப் பாக்க யாரு இருக்கா?" என்றான் புருசன் அழகையா.

லயமே காய்ந்து கிடந்தபோது தன் வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாய் மட்டும் ஏன் வற்றவில்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.