பெரிய ஆசானுக்கு வலித்த பல்

விலாசினி இன்று லோய் மலைப்பக்கத்து மருத்துவமனை ஒன்றில் பல் டாக்டர். கோன் கேன் பல் மருத்துவக் கல்லூரியில் எங்களோடு படித்த காலத்தில், உடற்கூறு வகுப்பை அவளைப் போலத் திட்டியவள் யாருமில்லை. அரிசி ஆலைக்காரர் மகள். எதை எடுத்தாலும் இதனால் என்ன லாபம் என்று கேட்கிற புத்தி.

"பல்லு புடுங்கறதுக்கு எதுக்குடி கல்லீரலும் கணையமும்?" என்பாள், சாப்பாட்டுக் கடையில் ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக்கொண்டே. "மனப்பாடம் பண்ணு, எழுது, மறுநாளே தலைமுழுகு. சீனியர் அக்காங்கள்ல ஒருத்திக்காவது ஏதாச்சும் ஞாபகம் இருக்கான்னு கேட்டுப் பாரு!"

நாங்களும் மறுத்ததில்லை. அவள் வாய்விட்டுச் சொன்னாள், நாங்கள் வாய்க்குள் சொல்லிக்கொண்டோம்.

எங்கள் மேசையில் கிடந்தவர் புன்மா என்ற தச்சர். இறந்தபின் உடலைக் கல்லூரிக்குக் கொடுத்தவர்களை இங்கே பெரிய ஆசான் என்போம். கைகூப்பிய பிறகுதான் கத்தியைத் தொடுவோம். விலாசினியும் பயபக்தியோடு கூப்புவாள். கத்தியை எடுத்ததுமே முணுமுணுப்பு ஆரம்பித்துவிடும்.

பாடம் முடிந்ததும் புத்தர் கோயிலில் அவருக்குத் தகனம். பெட்டியை நாங்களே சுமந்து வைத்தோம். புன்மாவின் மனைவி கம்பான், விலாசினியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார்.

"பிள்ளைங்க வேணாம்னுதான் சொன்னாங்க. அவரு ஆசைப்பட்டாரேன்னு நாந்தான் குடுத்தேன். புருஷனை எரிக்காமப் போட்டு வெச்சிருக்கான்னு ஊர்ல இன்னும் ஏசுறாங்க. நீயே சொல்லு கண்ணு, அவரால உங்களுக்குப் பிரயோசனம் இருந்துச்சா?"

விலாசினிக்குப் பூசி மெழுகத் தெரியாதே!

"ரொம்ப இருந்துச்சும்மா" என்று நான் முந்திக்கொண்டேன்.

"இந்தப் பொண்ணு சொல்லட்டும்."

விலாசினி தலை குனிந்திருந்தாள். "அம்மா, அந்த வகுப்பே தண்டம்னு சொல்லிட்டுத் திரிஞ்சவ நான். உங்ககிட்டப் பொய் சொல்ல வரல. ஆனா ஒண்ணு பாத்தேன். கீழ்த்தாடையில, வழக்கமா இல்லாத ஒரு சின்ன நரம்பு அவருக்குத் தனியாக் கடவாப்பல்லுக்குப் போகுது. மரத்துப்போறதுக்கு நாங்க ஊசி போடுவோம்ல, அந்த மருந்து அதுக்கு எட்டாது."

கம்பான் அவள் பக்கம் திரும்பினார். "எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

அவருடைய கை தன் இடது கன்னத்துக்குப் போனது. "அந்தப் பல்லுதான். ஊசி மேல ஊசி போட்டும் கத்துனாரு. ஆம்பளையா நீன்னு டாக்டர் திட்டி அனுப்பிட்டாரு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் பல் டாக்டர் வாசலையே மிதிக்கல. கன்னம் வீங்கினா வீங்கினபடியே இழைப்புளி புடிப்பாரு. நானும் விடல, கண்ணு. பயந்தாங்கொள்ளின்னு பேரப்பசங்க முன்னாடி எல்லாம் சொல்லிச் சிரிச்சேன்."

"பயமில்லம்மா" என்றாள் விலாசினி. "அவருக்கு நெசமாவே வலிச்சிருக்கு."

பிக்குகள் ஓதி முடித்திருந்தார்கள். ஆட்கள் பெட்டியைத் தூக்க வந்தார்கள். கம்பான் எழுந்து குறுக்கே போய் நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கப்பா. அவருகிட்ட நான் பேசணும்."