அம்மா பார்த்த படம்

என் அம்மாவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது ஒரு சினிமா. தாலுகா ஆபீசில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் பொய் சொல்கிறவள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும், ஆனாலும் சிரிக்கிறார்கள்.

அம்மா பிறந்தது மாதேஸ்வரன் மலைக்கு அந்தப் பக்கம், கொள்ளேகால் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். கன்னடத்தைத் தவிர வேறு பேச்சு காதில் விழாத ஊர். அப்பாவுக்குத் தர்மபுரிப் பக்கம் இண்டூர். எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அப்பாவின் சொந்தத்தில் வழக்கம்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. புதுப்பெண்ணாக வந்தவளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. அப்பாவுக்குக் கன்னடம் அரைகுறை. சாப்பிட்டாயா, தூக்கம் வருகிறதா என்ற அளவோடு நின்றுவிடும். அந்த வாரமே அவர் அவளை ஊர்க்கோடியில் இருந்த டெண்டு கொட்டாய்க்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பேசிக்கொள்ள முடியாத புருஷனும் பெண்டாட்டியும் வேறு எங்கேதான் போவார்கள்?

அங்கே ஓடிக்கொண்டிருந்ததுதான் அந்தப் படம். குடும்பப் படம், பேச்சைவிடப் பாட்டு அதிகம். தாயில்லாத தம்பி தங்கைகளை மூத்த அக்காள் வளர்க்கிறாள். வளர்ந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறார்கள், வீடு வெறிச்சோடுகிறது. கடைசியில் எல்லாரும் திரும்பி வந்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பாடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. அம்மா மறுநாளும் போக வேண்டும் என்று கையைக் காட்டிக் கேட்டாளாம். அதற்கு மறுநாளும். அப்பா சளைக்காமல் கூட்டிப் போனார். பிறகு ரேடியோ வந்தது, டேப் ரிக்கார்டர் வந்தது, டிவி வந்தது. எது வந்தாலும் அம்மா அதில் முதலில் தேடியது அந்தப் படத்தின் பாட்டைத்தான்.

எனக்கு அந்தப் படத்தின் மேல் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. துணி துவைத்தால் ஒரு பாட்டு, ரயில் ஏறினால் ஒரு பாட்டு, சோறு பரிமாறினால் ஒரு பாட்டு. மழையில் நனைந்துகொண்டே இரண்டு சரணம் பாடுகிறவளுக்கு மறுநாள் ஒரு தும்மல்கூட வராது. அந்த வீட்டில் அடுப்பு புகையாது, குழந்தைக்கு மூக்கு ஒழுகாது. பழைய கலர்ப் படம் என்பதால் வானம் லேசாகப் பச்சை தட்டியிருக்கும், எல்லாருடைய கன்னமும் ரோஸ் பூசியது போல இருக்கும். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி நான் கேலி செய்வேன். ஆனால் டிவியில் போட்டுவிட்டால் எழுந்து போகவும் மாட்டேன். அடுப்பில் பால் இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்காருவேன். அந்தப் படத்தின் மேல் என் கோபமே அதனால்தான்.

பொங்கலன்று மத்தியானம் ஏதாவது ஒரு சேனலில் அது வந்துவிடும். சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர் தரையில் படுத்திருப்பார்கள். ஜன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கும். ரயில் பாட்டு வரும்போது படுத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் கண்ணைத் திறக்காமலே கூடப் பாடுவார். பெங்களூரில் இருக்கும் என் தம்பியின் பிள்ளைகள் செல்போனைவிட்டுக் கண் எடுக்காத ஜாதி, அவர்களே அந்தப் பந்திப் பாட்டுக்குப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அந்தப் படத்தில் யாரும் புத்திசாலித்தனமாக எதையும் சொல்வதில்லை. ஒருவர் பாட ஆரம்பித்தால் மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொள்கிறார்கள். நம் வீட்டில் அப்படி நடப்பதில்லை, நடந்தால் நன்றாக இருக்கும் என்று எல்லாருக்கும் ஓர் ஆசை இருக்கிறது போலிருக்கிறது.

அம்மாவின் தமிழ் அந்தப் படத்தின் தமிழ். களத்து மேட்டில் ராகி அடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, ஊரே கேட்க, "அத்தான், உணவருந்த வாருங்கள்" என்று அவள் கூப்பிட்டது இண்டூரில் வெகுநாள் பேச்சாக இருந்தது. "ஏன்டியம்மா, உங்க வூட்டுக்காரரு என்ன மைசூரு ராஜாவா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "தாங்கள் என்னைப் பரிகாசம் செய்கிறீர்கள்" என்று பதில் சொன்னாளாம். போகப் போக ஊர்ப்பேச்சு அவளுக்கும் படிந்துவிட்டது. ஆனால் கோபம் வந்தால் மட்டும் படத் தமிழ் வந்துவிடும். "இந்த இல்லத்தில் எனக்கு நிம்மதியே கிடையாதா?" என்று அவள் ஆரம்பித்தால் நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவோம்.

எங்களிடம் அவள் கன்னடம் பேசியதே இல்லை. வீட்டில் இரண்டு பேச்சு புழங்கினால் பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாகும் என்று யாரோ சொல்ல, அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சீக்கிரம் காலமாகிவிட்டார்கள். ஒரே தம்பி நிலத்தை விற்றுவிட்டு மைசூர்ப் பக்கம் போனான். அதற்குப் பிறகு அவள் பிறந்த ஊர்ப் பேச்சையே எடுக்கவில்லை. அது அவளோடு முடிந்துபோன விஷயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அப்பா இறந்தபிறகு அம்மா நல்லம்பள்ளிக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். போன வருஷம் ஒரு நாள் காலையில் குளியலறையில் மயங்கி விழுந்தாள். தலையில் லேசான ரத்தக் கசிவு என்றார்கள். தர்மபுரியில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். கை கால் பிழைத்துக்கொண்டது, தமிழ் போய்விட்டது. கண் விழித்தவள் என்னைப் பார்த்து, "நீரு" என்றாள். தண்ணீர் கேட்கிறாள் என்று புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் புரியவில்லை. பிற்பாடு கற்ற மொழி சிலருக்கு முதலில் அழிந்துவிடும், அடியில் கிடப்பது மேலே வரும் என்று டாக்டர் சொன்னார். திரும்புமா என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மாவிடம் பேச முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். குரல் அதே குரல், கையை ஆட்டுவதும் அதே மாதிரி. நான் தலையை ஆட்டுவேன். நான் பேசினால் அவள் யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் புன்னகை செய்வாள். அந்தப் புன்னகை எனக்குத் தாங்கவில்லை. சமையல்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வருவேன். என் அம்மா எனக்குத் திரும்ப வேண்டும், ஒரு வார்த்தையாவது அவளோடு பேச வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதங்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறு வழி தோன்றாமல் டிவியில் யூடியூபைத் திறந்து அந்தப் படத்தைப் போட்டேன். பச்சை தட்டிய வானம் வந்தது. வாசல் பெருக்குகிற அக்காள் வந்தாள். முதல் பாட்டு ஆரம்பித்ததும் அம்மா பாடினாள். தமிழில் பாடினாள், ஒரு எழுத்து பிசகாமல். நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டு முடிந்ததும், "அம்மா, என்னத் தெரியுதா?" என்றேன். அவள் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். அடுத்த பாட்டு வந்ததும் மறுபடி தமிழ் வந்தது.

அதற்குப் பிறகு லீவு நாள் மத்தியானம் எல்லாம் எங்களுக்கு அந்தப் படம்தான். கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டால் அறைக்குள் பழைய மஞ்சள் வெளிச்சம் நிரம்பும். வெளியில் பஸ் போகிற சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்கும். சில நாள் பாதித் தூக்கத்தில் படத்துக்குள் இருப்பது யார், வெளியில் இருப்பது யார் என்றே தெரியாது. அந்த வீட்டு ஊஞ்சலில் அம்மா ஆடுவதாகவும் நான் தண்ணீர்ச் செம்போடு ஓடுவதாகவும் கண்டிருக்கிறேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அம்மா டிவியைப் பார்த்து மெதுவாகப் பேசிக்கொண்டே வருவாள். அந்தப் பேச்சு என் தூக்கத்துக்குள் வந்து வந்து போகும்.

பொங்கலுக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். அவன் மனைவி பெங்களூரில் வளர்ந்தவள், கன்னடம் நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவள் கேட்டுச் சொன்னது பசி, வலி என்ற அளவுதான்; படத்தின் முன்னால் அம்மா பேசுவதை அவள் அதுவரை கேட்டதில்லை. சாப்பிட்டு முடித்து எல்லாரும் படத்தின் முன்னால் உட்கார்ந்தோம். அம்மா வழக்கம்போல நடுநடுவே பேசினாள். தம்பி மனைவி கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"அண்ணி, அத்தை கதை சொல்லிட்டு இருக்காங்க."

"படத்துக் கதைதானே? அவங்களுக்குத் தெரியாத கதையா?"

"இல்லீங்க அண்ணி. இந்தக் கதை இல்ல. வேற கதை."

அம்மா சொல்லச் சொல்ல அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். அம்மாவின் கதையில் அந்த அக்காள் அக்காளே இல்லை. அவள் தூரத்தில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண். சுற்றி நிற்பவர்கள் புருஷன் வீட்டு ஆட்கள், அவர்கள் பேசுவது அவளுக்குப் புரியாது. ரயிலில் வருகிற தம்பி, அவளை ஊருக்குக் கூட்டிப் போக வந்த கூடப்பிறந்தவன். மழைப் பாட்டில் அவள் அழுகிறாள், மழையில் நனைவதால் யாருக்கும் தெரிவதில்லை. கடைசிப் பந்தி அவளுடைய அம்மா வீட்டில் நடக்கிறது. அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால்தான் எல்லாரும் பாடுகிறார்கள்.

ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் டெண்டு கொட்டாயில் மணல் மேல் உட்கார்ந்து அவள் பார்த்த படம் இது. பிறகு தமிழ் வந்தது, சரியான கதையும் தெரிந்தது. தமிழ் போனதும் முதலில் பார்த்த படம் அப்படியே மேலே வந்துவிட்டது.

ஒவ்வொரு பொங்கலுக்கும் பந்திப் பாட்டில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். நாங்களும் துடைப்போம், குடும்பம் சேர்ந்துவிட்ட சந்தோஷம் என்று. அவள் அத்தனை வருஷமும் ஊருக்குப் போக ஏங்கித்தான் அழுதாளா? அப்பாவோடு வாழ்ந்ததும், எங்களை வளர்த்ததும், யாரோ வந்து கூட்டிப் போகும்வரை காத்திருந்த காலமா? எனக்குப் பயமாக இருந்தது.

"காரை எடுக்கட்டுமாக்கா? நாளைக்கே அந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துரலாம்" என்றான் தம்பி.

"இருடா. மொதல்ல கேக்கணும்."

"நான் கேக்கறேன் அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

வேண்டாம் என்றேன். கேட்டால் நான் கேட்க வேண்டும். எந்தப் பதில் வந்தாலும் அது என் காதில்தான் விழ வேண்டும் என்று தோன்றியது. தம்பி மனைவியைக் கொஞ்சம் கன்னடம் சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். பெங்களூர் போன பிறகும் தினமும் போனில் பேசி அனுப்புவாள். பஸ்ஸில் போகும்போது கேட்டுக் கேட்டு முணுமுணுப்பேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மனெ என்றால் வீடு, மக்களு என்றால் பிள்ளைகள், ஊட்டா என்றால் சாப்பாடு. பாதிக்கு மேல் நம் வார்த்தைகள்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகின்றன. இதைப் போய்த் தெரியாது என்று இத்தனை நாள் இருந்திருக்கிறோமே என்று எரிச்சலாகவும் இருந்தது.

மாசி பிறந்த சமயம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். படம் முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது. இலை போட்டாயிற்று, ஒவ்வொருவராக வந்து உட்காருகிறார்கள். அம்மா கூடவே பாடினாள். பாட்டு முடிந்ததும் நான் டிவியை அணைத்தேன். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஊரிகெ ஹோகோண்வா, அம்மா?" என்றேன். ஊருக்குப் போகலாமா என்று.

அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு, விருந்தாளியைப் பார்க்கிற பார்வை அதில் இல்லை. இந்த வீட்டில் ஒருத்திக்காவது பேச்சு தெரிகிறதே என்ற ஆச்சரியம் மட்டும் இருந்தது. பிறகு ஆகாது என்று தலையை ஆட்டினாள்.

"மக்களு ஸ்கூலிந்த பர்த்தாரெ" என்றாள். "மனேலி யாரிர்தாரெ?"

யாரும் எனக்கு அதைத் தமிழில் சொல்லத் தேவைப்படவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவார்கள், வீட்டில் யார் இருப்பார்கள்? அவள் சொன்ன பிள்ளைகள் நானும் தம்பியும்தான்.

அவள் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிக் கை காட்டினாள். திருப்பிப் போட்டேன். அந்தப் பிள்ளைகள் வரட்டும் என்று நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.