செல்லியின் காலில் கட்டிய கயிறு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். ஓடுகிற பிள்ளைகளின் காலில் வாத்தியார் மரக்கட்டையைச் சங்கிலியால் பூட்டுவார். நான் கட்டையோடும் ஓடினேன். அதன்பின் எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்கியதில்லை.

சென்ற தை மாதம் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கரும்பாலையில் வெல்லம் காய்ச்சும் வேலைக்கு மனைவியோடும் ஏழு வயது மகள் செல்லியோடும் போனேன். செல்லி ஓரிடத்தில் இருக்கமாட்டாள். சொன்னதைப் பாதியில் மறந்துவிடுவாள். பாகு கொதிக்கும் கொப்பரையை ஒட்டி இரண்டு முறை ஓடினாள்.

"அண்ணே, ஒங்க மக கால்ல சக்கரமா கட்டியிருக்கு? பாகுல விழுந்தா அம்புட்டுதேன்!" என்றார் அடுப்பு எரிப்பவர்.

பயந்துபோய், மாட்டுக்கயிற்றால் அவள் காலை வேப்பமரத்தில் கட்டினேன். பக்கத்தில் காய்ந்த கரும்புச் சக்கை குவிந்திருந்தது. மதியம் காற்றில் பறந்த பொறி அதில் விழுந்து பற்றிக்கொண்டது.

"அய்யா, அவுத்து விடுங்க!" என்று செல்லி கதறினாள். அவள் இழுத்ததில் முடிச்சு இறுகிவிட்டது. அரிவாளால் கயிற்றை அறுத்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாவாடை ஓரம் மட்டும் கருகியது.

"அவ வேணும்னே ஓடலைங்க. இருக்க முடியலை. ஒங்களால முடிஞ்சுச்சா?" என்றாள் மனைவி.

இப்போது நான் செல்லியைக் கட்டுவதில்லை. அடுப்புப் பக்கம் விடாமல், வயலில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வேன். மாலையில் மணலில் இரண்டு எழுத்து எழுதுவாள். வரப்பு முனைவரை ஓடி வந்ததும் அடுத்த இரண்டு. நேற்று உயிரெழுத்தை முடித்துவிட்டாள். அவள் எழுதப் படிக்கும்வரை, பருவம் முடிந்து ஆலை நின்றாலும், நான் இந்த ஊரைவிட்டுக் கிளம்பமாட்டேன்.