தாயே என்று சொன்ன பாவம்

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் புரட்டாசி முடியப்போகிற நேரத்திலும் மழை இல்லை. பெருநகர் என்கிற ஊர்ப் பக்கம் செய்யாற்றில் வெறும் மணல்தான் கிடந்தது. எங்கள் காலனி சர்ச்சில் மழை வேண்டி உபவாச ஜெபம் வைத்தார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புது மருமகள் சாப்பிட்டுவிட்டு ஜெபத்துக்குப் போனால் ஊர் சும்மா விடுமா? காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் போய் உட்கார்ந்தேன்.

வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். ஒரே கைதட்டலும் கஞ்சிராவும். மேலே தகரக் கூரை கொதித்தது. திடீரென்று என் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது, பிறகு உடம்பு முழுக்க. வாயிலிருந்து ஏதேதோ சத்தம் வந்தது. என்ன சொன்னேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. "ஆவியானவர் இறங்கிட்டார்!" என்று பிரசங்கியார் கத்தியது மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது.

பக்கத்தில் இருந்தது என் மாமியார். அத்தை மாகறல் பக்கத்தில் அம்மனைக் கும்பிடுகிற வீட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டவள். அவளுடைய அம்மாவுக்கு ஆடி மாதம் தவறாமல் சாமி வருமாம். ஒரு பெண் அப்படி நடுங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வெளியே ஓடி, வேப்பமரத்தில் ஒரு கொத்தை ஒடித்துவந்து என் கையில் திணித்தாள். வாசல் குடத்துத் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். அப்புறம் அத்தனை பேர் நடுவில் என் காலில் விழுந்தாள்.

"எந்தத் தாயி வந்துகீற? ஆத்துல தண்ணி எப்ப வரும், சொல்லு தாயே!"

அதுவரை நான் வைத்த குழம்பை ஒருநாள்கூட நல்லா கீது என்று சொல்லாதவள் அவள்.

நான் "வரும்" என்றேனாம்.

கைதட்டல் நின்றுபோனது. பிரசங்கியாரின் முகம் சிவந்துவிட்டது. "அம்மா, என்ன காரியம் பண்ணிட்டீங்க? பரிசுத்த ஆவியானவரைப் பிசாசுன்னுட்டீங்களே! வேற எந்தப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு. இதுக்கு மட்டும் கிடையாது" என்றார்.

"நான் எங்கய்யா பிசாசுன்னேன்? தாயேன்னுதான சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்று என்று சொன்னது அவர். பாவம் மட்டும் அத்தை தலையில். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வாரமே மழை கொட்டியது. ஆற்றில் தண்ணீர் வந்தது. "ஐப்பசி பொறக்கப் போவுது, பின்ன பெய்யாம இன்னா பண்ணும்?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை எங்கள் போதகர் உத்திரமேரூரிலிருந்து வந்து, அப்பமும் திராட்சை ரசமும் வைத்துத் திருவிருந்து கொடுப்பார். அந்த மாதம் அத்தை எழுந்து போகவில்லை. கடைசிப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நரகத்துக்குப் போறவளுக்கு அப்பம் எதுக்கு?" என்றாள். விஷயம் தெரிந்து போதகர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷர்.

"மன்னிப்பில்லாத பாவம்ங்கறது வாய் தவறிச் சொல்ற வார்த்தை இல்லம்மா. நல்லதுன்னு தெரிஞ்சே அதைக் கெட்டதுன்னு சொல்லி, எனக்கு மன்னிப்பே வேணாம்னு மனசை இறுக்கிக்கிறது. நீங்க பயப்படறீங்க பாருங்க, அதுவே நீங்க அந்தப் பாவத்தைச் செய்யலைங்கறதுக்கு அடையாளம்."

அத்தை காப்பியை அவர் முன்னால் வைத்தாள். "அப்ப பயம் போயிட்டா?"

போதகர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அத்தை தன் பயத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள். தன்னை மறந்து கொஞ்சம் சிரித்துவிட்டால்கூடச் சட்டென்று முகத்தை மாற்றிக்கொள்வாள்.

எனக்குத்தான் மண்டை காய்ந்தது. எல்லாம் நடந்தது என் உடம்பில், ஆனால் நடந்தது என்ன என்று எனக்கே தெரியவில்லை. ஆவியானவரா, அத்தை கூப்பிட்ட தாயா, வெறும் பசி மயக்கமா? பசிதான் என்றால் அத்தைமேல் ஒரு பாவமும் இல்லை. அதைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். ஆனால் வந்தது ஆவியானவராகவே இருந்து, அவரைப் போய்ப் பசி என்று நான் சொல்லிவிட்டால்? அப்போது அந்தப் பாவம் என்னுடையதாகிவிடாதா? கடவுள்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு பெரியவர், வந்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெளியவில்லை.

கார்த்திகையில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். மற்ற பெண்கள் தள்ளிப் போயிருந்தார்கள். அத்தை முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வந்தது வரட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அத்தே, அன்னிக்கு என்மேல ஒண்ணும் வரல. பசியில..."

முடிக்க விடவில்லை. சேற்றுக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதடி. அப்புறம் நீயும் மாட்டிக்குவ. வூட்டுக்கு ஒருத்தி போதும்."

நான் தலையை ஆட்டும்வரை கையை எடுக்கவில்லை.

அடுத்த திருவிருந்துக்கு நான் எழுந்திருக்கத் தயங்கியபோது அத்தைதான் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். முன்னால் போய் முழங்காலிட்டேன். அவளை விட்டுவிட்டு எனக்கு மட்டும் எதற்கு என்று இருந்தது. அப்பத்தை வாங்கி எப்படியோ விழுங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பாயில் அத்தை பாதி எழுந்து நின்று, எனக்குக் கிடைத்துவிட்டதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.