உட்கார்ந்து காட்டிய புடவை

சென்னையின் ஆறுகளை நான் அப்பாவின் கால்களில்தான் படித்தேன். இடது கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்துக்கொண்டு வளைந்து வளைந்து இறங்கியது கூவம். வலது காலில் அடையாறு. முழங்காலுக்குப் பின்னால் முடிச்சு முடிச்சாகக் கிடந்ததற்குப் பக்கிங்ஹாம் கால்வாய் என்று அவரே பெயர் வைத்திருந்தார். சாயங்காலம் கால் வீங்கினால் வெள்ளம் வந்துவிட்டது என்று அறிவிப்பார். மற்ற பிள்ளைகளின் அப்பாக்களுக்குக் காலில் ஆறே இல்லையே என்று நான் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

அப்பாவுக்குத் தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் வேலை. இரண்டாவது மாடி, காட்டன் புடவை. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மயிலாப்பூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் பாயில் மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் சுவரில் தூக்கிச் சாத்தியிருப்பார். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் படுத்து அதேபோல் தூக்கிக்கொள்வோம். உடனே அவருடைய கால் விரல்கள் பேச ஆரம்பிக்கும். வலது கட்டைவிரல் கடை சூப்பர்வைசர். இடது சுண்டுவிரல் அவரிடம் லீவு கேட்டுக் கெஞ்சும் ஆள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். எங்களுக்காகத்தான் அவர் காலைத் தூக்குகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. குதிகால் பட்ட இடத்தில் சுவர் கறுத்திருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடித்தால் மாசி பிறப்பதற்குள் கறை பழையபடி வந்துவிடும்.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை ஊழியர் யாரும் உட்காரக் கூடாது. ஸ்டூல்கள் உண்டு, அவை வாடிக்கையாளர்களுக்கு. மூன்று முறை உட்கார்ந்து மாட்டிக்கொண்டால் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம். அந்த வருஷம் அப்பா இரண்டு முறை மாட்டியிருந்தார். இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது எட்டு வயது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்னொரு வழக்கம். தீபாவளிப் புடவை எடுக்கப் போகும்போது அப்பாவை அப்பா என்று கூப்பிடக் கூடாது. சொந்தக்காரர்களோடு கதை பேசிக்கொண்டிருக்கிறார் என்று பெயர் வந்துவிடுமாம். ஆகவே அம்மா மேடம், நான் பாப்பா, அவர் யாரோ ஒரு சேல்ஸ்மேன். வருஷத்துக்கு ஒரு முறை வரும் இந்த விளையாட்டுக்காக நான் ஆடி மாதத்திலிருந்தே காத்திருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் நிற்க இடமில்லை. தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அம்மாவும் நானும் போயிருந்தோம். அப்பா எங்களைப் பார்த்துக் கும்பிட்டு, என்ன பார்க்கிறீர்கள் மேடம் என்றார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் புடவை விற்பதே ஒரு கூத்து. முந்தானையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பில் கை வைத்து நிற்பார். நல்ல கறுப்பு அவர். “என் கலருக்கே இப்டி எடுக்குதுன்னா, உங்க கலருக்கு எப்டி எடுக்கும்னு பாத்துக்கோங்கம்மா” என்பார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தபடியே அந்தப் புடவைக்குக் கை நீட்டுவார்கள்.

நான்கு புடவை ஆயிற்று. ஐந்தாவது கடுகு நிறம், கத்தரிப்பூ பார்டர். அதைத் தோளில் போட்டபோது அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் வாடிக்கையாளர்தானே, இன்னும் எதுவுமே கேட்கவில்லையே என்று எனக்கு அவசரம். வீட்டுக்கு வரும் மாமிகளின் குரலில், நின்றால் சரி, உட்கார்ந்தால் இந்தப் புடவை எப்படி இருக்கும், உட்கார்ந்து காட்டுங்கள் என்று ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, முந்தானையோடு உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடித் திறந்தார். சூப்பர்வைசர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். செவ்வாய்க்கிழமைகளில் நான் பார்த்துச் சிரித்த கட்டைவிரலைவிட இவர் ஒல்லி. அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“நான்தான் சார் உக்காரச் சொன்னேன். வூட்டுக்குப் போய்க் கட்டிப் பாத்து நல்லா இல்லன்னா, இன்னா பண்றது?”

சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். இரண்டு நிமிடத்தில் புடவை எடுத்துவிட்டுக் கிளம்பும் அம்மாவுக்கு அன்று அலுக்கவே இல்லை. பார்டரை இறக்கச் சொன்னாள். முந்தானையை மடியில் விரிக்கச் சொன்னாள். பச்சையை அதன்மேல் வைக்கச் சொன்னாள், எடுக்கச் சொன்னாள். எழுந்திருக்க மட்டும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் சலித்துப்போய் நகர்ந்தார். கடைசியில் அவள் எடுத்தது அந்தக் கடுகு நிறத்தையே. நான் கிளிப்பச்சைக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். மஞ்சள் சாயலில் எதுவும் அம்மாவுக்கு ஆகாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அதைப் பத்து தீபாவளிக்காவது கட்டியிருப்பாள்.

அப்பா அந்தக் கடையிலேயே ஓய்வு பெற்றார். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. துக்கத்துக்குக் கடை ஆட்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டிருந்தும் ஒருவர்கூட உட்காரவில்லை, சுவரோரம் வரிசையாக நின்றார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று இப்போது சட்டமே வந்துவிட்டது. புடவை எடுக்கப் போனால் நான் முதலில் மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறேன். ஸ்டூல் இருக்கிறது. பெரும்பாலும் அதன்மேல் புடவைதான் அடுக்கியிருக்கிறது.

போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது அந்தப் புடவை கையில் வந்தது. அப்பாவையே உட்கார வைத்தவள் நான் என்று வழக்கம்போலப் பீற்றிக்கொண்டேன். அம்மா அதை வாங்கி மடியில் வைத்து மடித்தாள்.

“இருவது நிமிசம் உக்காந்துக்கினு இருந்தாரு. வரும்போது பஸ்ல நீ இன்னா கேட்ட, ஞாபகம் இருக்கா? அடுத்த வாரமும் வரலாமான்னு கேட்ட. நானும் அதத்தான் நெனச்சிக்கினு வந்தேன்.”

எனக்கு அது ஞாபகமில்லை. கேட்டிருப்பேன். எனக்கு அந்த விளையாட்டு அவ்வளவு பிடித்திருந்தது.