சிசிலியனில் காணாமல் போன நான்கு பக்கங்கள்

அந்தப் புத்தகத்தைப் பிரித்தால் முதலில் வருவது பைண்டிங் பசையின் புளித்த வாசனை. தஞ்சாவூரில் நான் தினமும் போன நூலகத்தில், செஸ் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள் பற்றி இருந்த ஒரே புத்தகம். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. ஒரு நாளிதழின் பகுதிநேரச் செய்தியாளர்.

கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறு திட்டம். மாவட்ட அணியின் நால்வரில் ஒருவனாக மாநிலப் போட்டிக்குப் போனால், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு நிறுவன வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த வருடம் அந்த ஒதுக்கீடே இருக்காது என்று பேச்சு...

கறுப்புக் காய்கள் வந்தால் எப்படியாவது தாக்குப்பிடிப்பேன். வெள்ளையில் ஜெயித்தாக வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் போட்டேன். செய்தி சேகரிப்பதுபோலத்தான். மாவட்டப் போட்டிகளில் என் ஆட்டம் முடிந்ததும் மற்ற மேஜைகளைச் சுற்றி வந்து, கறுப்பில் யார் எந்த ஓப்பனிங் ஆடுகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். மயிலாடுதுறைக்காரர்கள் பிரெஞ்ச். திருவாரூர்க் கல்லூரி மாணவர்கள் கரோ கான். தஞ்சாவூரில் பாதிப் பேர் சிசிலியன்.

எல்லாருக்கும் என் பதில் ஒரே யோசனைதான். ராஜா முன்னால் நிற்கும் சிப்பாயில் தொடங்கி, ராணிப் பக்கத்து பிஷப் முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி முட்டுக்கொடுத்து, நடுப்பலகையைப் பிடிப்பது. ஆடுகிறவர்களுக்குப் புரியும்படி சொன்னால், c3, d4.

இதில் சிசிலியனுக்கு எதிராக மட்டும் எனக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. நூலகப் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தின் நான்கு பக்கங்கள் இல்லை. பொருளடக்கத்தைப் பார்த்தேன். இரண்டாவது நகர்விலேயே c3 வைப்பது பற்றிய பக்கங்கள் அவை. ஊரில் சிசிலியன் ஆடுகிற அத்தனை பேரும் படித்தது இதே புத்தகம். ஆக, c3 வந்தால் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியாது.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருந்த நண்பன் செல்வத்துக்கு எழுதினேன். அவன் அங்கே ஒரு நூலகத்தில் அதே புத்தகத்தைத் தேடிப்பிடித்து, நான்கு பக்கத்தையும் கையால் எழுதி அனுப்பினான். கடைசி வரி: "ஒரு எழுத்து விடலைடா. ஜெயிச்சுட்டு லெட்டர் போடு."

ஜெயித்தேன். c3 வைத்தால் போதும்... எதிரில் இருப்பவர் கை கன்னத்துக்குப் போய்விடும்.

அணித் தேர்வின் கடைசிச் சுற்று. எனக்கு வெள்ளை. எதிரில் இருதயராஜ், திருக்காட்டுப்பள்ளியில் உரக்கடை வைத்திருந்தவர், நாற்பது வயது இருக்கும். ஜெயித்தால் நான்காவது இடம் எனக்கு. டிரா ஆனாலும் அவருக்கு.

அவர் சிசிலியன் ஆடினார். நான் c3 வைத்துக் கடிகாரத்தைத் தட்டினேன். தட்டிய கை மடிக்கு வருவதற்குள் அவர் குதிரையை வெளியே எடுத்தார். சரியான பதில். அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும். பதினோரு நகர்வுகள், செல்வம் எழுதிய வரிசையிலேயே! பன்னிரண்டாவதில் இருவருக்குமே பக்கம் தீர்ந்தது. வியர்த்தது எனக்கு மட்டும்தான்.

டிரா.

வெளியே டீக்கடையில் கேட்டேன். "சார், அந்த நாலு பக்கம் உங்ககிட்டயா இருக்கு?"

"நான் கிழிக்கலை தம்பி. பிரிச்சப்பவே கையோட வந்துருச்சு."

"திரும்ப உள்ள வெச்சிருக்கலாமே."

"வெச்சா நீங்கள்லாம் படிச்சிருவீங்களே." டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "நாலாவது இடத்துக்கு ஏன் தம்பி இவ்வளவு வேகம்?"

வேலை விஷயத்தைச் சொன்னேன்.

"அடடா. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா?"

"அப்பவும் குதிரையைத்தான் எடுத்திருப்பேன். கொஞ்சம் வருத்தத்தோட எடுத்திருப்பேன்."

அவர் மாநிலப் போட்டிக்குப் போனார். நான் செய்தியிலேயே தங்கிவிட்டேன். அதில் குறையொன்றும் இல்லை. மாவட்டத்தில் யார் என்ன ஆடுகிறார்கள் என்று அவ்வளவு விசாரித்தவன், அந்தப் பக்கங்கள் யாரிடம் போயின என்று விசாரிக்கவில்லை. பிறகு முப்பது வருடம், "ஃபைலைக் காணோம் சார்" என்று எந்த அலுவலகத்தில் சொன்னாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக யார் கையில் இருந்தது? அதிலேயே பல செய்திகள் கிடைத்தன.

இப்போது போனில், முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களோடு ஆடுகிறேன். எல்லாரிடமும் எல்லாப் பக்கங்களும் இருக்கின்றன. c3 வைத்தால், ஏதோ ஒரு நாட்டுக் கொடிக்குப் பின்னாலிருந்து ஒரு நொடியில் குதிரை வந்துவிடுகிறது. அதை அவர் எங்கே படித்தார் என்று கேட்கத் தோன்றும்... அதற்குள் திரை, மறுபடியும் ஆடலாமா என்று கேட்கிறது. ஆடலாம் என்று தட்டுகிறேன். வெள்ளை வந்தால், இன்றும் c3தான்.