ஆட்டுக்குக் காவல் இருந்தவள்

விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் இருபத்திரண்டு வருஷமாக டைப் அடிக்கிறேன். மனு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை, காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தமிழும் அடிப்பேன், இங்கிலீஷும் அடிப்பேன். ஊர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். நடுவில் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்கிற நேரத்தில்தான் கண்ணை மூடுவேன்.

ஒரு படப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் படித்தது நாற்பத்து மூன்று வயதில். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் காலனியில் எந்த வீட்டிலும் அப்படி ஒன்று இருந்ததில்லை. வேதப் புத்தகம் ஒன்று, பாட்டுப் புத்தகம் ஒன்று, அவ்வளவுதான். அது எங்கள் குற்றமில்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன், டிசம்பர் முதல் வாரத்தில், ஒரு அம்மா கடைக்கு வந்தார். ஏதோ ஸ்கூலில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிடையர் ஆனவர். பூத்துண்டில் சுற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தார். பெரிய அளவு, கெட்டி அட்டை, முதுகுப் பக்கம் பைண்டிங் விட்டிருந்தது.

"ஒவ்வொரு பக்கமா கலர்ல ஸ்கேன் பண்ணணும்மா. பாத்து. என் பொண்ணு வெளிநாட்ல இருக்கா, அவ குழந்தைக்கு அனுப்பணும். நான் சின்னதுல படிச்சது, என் பொண்ணும் இதைத்தான் படிச்சா."

என் கழுத்துச் செயினில் தொங்கிய சிலுவையைப் பார்த்துவிட்டு, "நீ கிறிஸ்டியனா? அப்ப உனக்கு இது தெரிஞ்சிருக்குமே. கிறிஸ்மஸ்னா இந்தப் புக் இல்லாத வீடே கிடையாது" என்றார்.

"எங்க வீட்ல இல்லீங்க மேடம்."

"அப்படியா?" என்றார். அவர் திட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. வீட்டில் உப்பே இல்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டதுபோல நின்றார். அதுதான் எனக்குச் சுருக்கென்று குத்தியது. நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு ஸ்கேனரைத் திறந்தேன்.

ஒரு பக்கம் கவிழ்த்து வைப்பேன். வெளிச்சம் ஓடும். கம்ப்யூட்டரில் படம் வரும். கீழே ரெண்டு வரி இங்கிலீஷ். கோணலாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் பார்த்தேன். நாலாவது பக்கத்தில் கோணலைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கதை இதுதான். ஒரு மலை. மேய்ப்பர்கள் ஆடுகளோடு படுத்திருக்கிறார்கள். வானம் வெளுக்கிறது, தூதர்கள் பாடுகிறார்கள், பாலகன் பிறந்த செய்தி வருகிறது. எல்லாரும் ஊருக்குள் ஓடக் கிளம்புகிறார்கள். ஆட்டை யார் பார்த்துக்கொள்வது? கூட்டத்தில் சின்னவள் ஒரு பெண். நீ இரு என்று அவளை விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த ராத்திரி ஓர் ஆடு குட்டி போடுகிறது. அவள் ஒருத்தியாகவே அதைப் பார்க்கிறாள். காலையில் எல்லாரும் திரும்பி வருகிறார்கள். நான் அதைப் பார்த்தேன், நான் இதைப் பார்த்தேன் என்று ஆளுக்கு ஆள் பேசுகிறார்கள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் எழுத்தே இல்லை. மலைக்குக் கீழே பாதையில் கழுதைமேல் ஒரு தாயும் குழந்தையும் போகிறார்கள். தாய் அண்ணாந்து பார்க்கிறாள். மேலே அந்தப் பெண் குட்டியை ரெண்டு கையிலும் தூக்கிக் காட்டுகிறாள்.

ஸ்கேனர் மூடியில் கையை வைத்தபடி அப்படியே நின்றேன். "இன்னாம்மா, மிஷின் மாட்டிக்கிச்சா?" என்று ஓனர் கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன்.

எனக்குப் பத்து வயசில் ஒரு கிறிஸ்மஸ். காலையில் நாங்கள் புதுத்துணி போட்டுக்கொண்டிருந்தபோது நிலத்துக்காரர் சைக்கிளில் காலனி முனைக்கு வந்து நின்றார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்க வேண்டும், இன்றைக்கு விட்டால் நிலத்தில் ஈரம் காய்ந்துவிடும் என்றார். அன்றைக்கு என்ன நாள் என்று அவருக்குத் தெரியும். எங்கள் அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். அம்மா புடவையை மாற்றிக்கொண்டு, "நீங்க கோயிலுக்குப் போங்க. வூட்டுக்கு ஒருத்தரு நிலத்துக்குப் போனா போதும்" என்று கிளம்பிப் போய்விட்டாள். நாங்கள் கோயிலுக்குப் போனோம், நாடகம் பார்த்தோம், சாப்பிட்டோம். பொழுது சாய முழங்கால் வரைக்கும் செம்மண்ணோடு அம்மா வந்தாள். நான் நாடகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவளை ஒன்றும் கேட்கவில்லை.

இத்தனை வருஷம் எந்தப் பிரசங்கத்திலும் எனக்கு இந்த ஞாபகம் வந்ததில்லை. யாரோ வெள்ளைக்காரர் வரைந்த ஒரு குழந்தைப் புத்தகம் கொண்டுவந்து விட்டது. கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் மேடம் வந்தார். பென்டிரைவைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "மேடம், இந்தப் புக்க கிறிஸ்மஸ் முடியற வரைக்கும் எனக்குக் குடுப்பீங்களா? எங்க ஊர்ல படிச்சுக் காட்டணும்."

"உனக்கு இங்கிலீஷ் படிக்க வருமா?"

"தினம் அதைத்தான மேடம் அடிக்கிறேன்."

அவர் முகம் கொஞ்சம் சிவந்தது. "அதுக்கில்லம்மா. பழசு, கிழிஞ்சிடும். வேணும்னா ஒரு பக்கம், உனக்குப் பிடிச்ச படமா ஒண்ணு, பிரிண்ட் போட்டு வச்சுக்கோ."

"ஒரு பக்கம் போதும்னா நீங்களும் ஒரு பக்கம்தான் ஸ்கேன் பண்ணியிருப்பீங்க மேடம்."

பின்னால் ஓனர் இருமினார். அதுவரை இருபது வருஷத்தில் கஸ்டமரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. பேசிய பிறகு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. மேடம் கையிலிருந்த புத்தகத்தின் பைண்டிங்கைத் தடவிப் பார்த்தார். பிறகு பூத்துண்டோடு மேஜைமேல் வைத்தார்.

"ஜனவரி ரெண்டாம் தேதி வருவேன்" என்றார்.

அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மழைக் கவர் ரெண்டு போட்டுச் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, திண்டிவனம் வரை நின்றுகொண்டே போனேன். அந்த வாரம் பூராவும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் எழுதினேன். எங்கள் வீட்டில் பேசுகிற தமிழில்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டி செயலாளரைப் பார்த்தேன். எனக்கு அண்ணன் முறை. கிறிஸ்மஸ் அன்றைக்கு ஆராதனையில் பத்து நிமிஷம் கொடுங்கள், ஒரு கதை படிக்கிறேன் என்றேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"பைபிள்ல எங்க கீது இந்தப் பொண்ணு? வசனம் காட்டு."

"கேக்குகூடத்தான் வசனத்துல இல்லண்ணே. வெட்டறோம்ல?"

"வாய் ஜாஸ்தி உனக்கு. பசங்க டான்ஸு, வாலிபர் பாட்டு, எல்லாம் நோட்டீஸ் அடிச்சாச்சு."

"அந்த நோட்டீஸ அடிச்சதே நான்தாண்ணே. ஒரு வரி சேக்கறதுக்கு எவ்ளோ நேரம் ஆவப்போவுது?"

"இந்த வயசுல சின்னப் பசங்க பொம்ம புக்க வச்சிக்கினு சுத்தற. வேற வேல இல்ல?" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

கிறிஸ்மஸ் காலையில் நான் கோயிலுக்குள் போகவில்லை. எங்கள் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஷீட் போட்ட கொட்டகை இருக்கிறது. ஆராதனை முடிந்ததும் காலனி முழுக்கச் சாப்பாடு என்பதால், விடிந்ததிலிருந்து அங்கே மூன்று அடுப்பு எரியும். ஏழெட்டு பொம்பளைகள் வெங்காயம் உரித்து, இஞ்சி பூண்டு அரைத்து, கறி கழுவிக்கொண்டிருப்பார்கள். எங்கள் அம்மாவுக்கு எழுபது வயசு, இன்னும் அவள்தான் உப்பு பார்ப்பாள். ஒவ்வொரு வருஷமும் இவர்கள் ஆராதனையை ஸ்பீக்கரில்தான் கேட்கிறார்கள். நானும் வருஷா வருஷம் உள்ளே உட்கார்ந்து பாடிவிட்டு, பசியோடு வெளியே வந்து தட்டு நீட்டியவள்தான். கோபம் யார்மேல் என்று அந்த வாரத்தில் ஒரு நாள் எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் பாதி என்மேல்.

ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். "வெங்காயத்த உரிச்சிக்கினே கேளுங்க. ஒரு கத சொல்றேன்."

முதல் படத்தைக் காட்டினேன். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, மலயெல்லாம் வெள்ளையா கெடக்குது? மரக்காணத்து உப்பா?"

"பனிக்கா."

"மார்கழிக்கு நம்மூர்லகூடத்தான் பனி பேயுது. இப்டியா குமிஞ்சி கெடக்கும்?"

"அவங்க ஊர்ல கெடக்கும்க்கா."

எல்லாரும் ஊருக்கு ஓடுகிற பக்கம் வந்தபோது பேச்சு குறைந்தது. நீ இரு என்று அந்தப் பெண்ணைச் சொல்கிற இடத்தில், "அதானே பாத்தேன்" என்றாள் ஒருத்தி. ஆடு குட்டி போடுகிற பக்கத்தில் கதை நின்றே போனது. முன்னங்கால் முதலில் வருகிறதா, பின்னங்கால் வருகிறதா என்று சண்டை. படத்தில் சரியாகத் தெரியவில்லை. அம்மா மிளகாய்த்தூள் கையோடு புத்தகத்தைப் பிடித்து இழுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "முன்னங்காலுதான். இல்லன்னா இந்தப் பொண்ணு மூஞ்சி இப்டி இருக்காது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அந்த நேரத்தில் செயலாளர் கொட்டகைக்கு வந்தார். உள்ளே பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. "சோறு ஆவலையா? இன்னா கத படிச்சிக்கினு கீறீங்க? அங்க பிரசங்கம் முடியப்போவுது."

நான் எழுந்திருக்கப் போனேன். அம்மா என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "சோறு அதும்பாட்டுக்கு வெந்துக்கினு கீது. நீ உள்ள போய் ஜபம் பண்ணுப்பா. நாங்க முடிச்சிட்டு வர்றோம்."

அவர் போய்விட்டார்.

கடைசிப் பக்கத்தை ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் காட்டினேன். ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா கேட்டாள். "ஊருக்குள்ள போனவங்க எப்டியும் தின்னுட்டுத்தான் வந்திருப்பாங்க, அவளுக்கு யாராவது சோறு எடுத்துக்கினு வந்தாங்களா?"

"புக்குல போடலக்கா."

"போடலன்னா எடுத்துக்கினு வரலன்னு அர்த்தம்."

அப்போதுதான் நான் அம்மாவைக் கேட்டேன். முப்பத்து மூன்று வருஷம் தாமதமாக. "நான் சின்னதா இருக்கச்சொல்ல ஒரு கிறிஸ்மஸ் அன்னிக்கு மல்லாட்டை போடப் போனியே. அன்னிக்கு இன்னாமா நடந்துச்சு?"

நான் அழத் தயாராக இருந்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னா நடக்கும்? நம்ம தெருலருந்து ஆறு பேரு போனோம். கோயில்ல இன்னா பாட்டு பாடுவாங்களோ அத்தனையும் நிலத்துல பாடிக்கினே போட்டோம். அந்தாளு வரப்புல நின்னுக்கினு, வேலய பாருங்க, பாட்ட நிறுத்துங்கன்னான். கை வேலதான செய்யுது, வாய் சும்மாதான கீதுன்னேன். ரெண்டாவது வாட்டி நிறுத்தச் சொன்னான். இன்னும் சத்தமா பாடுனோம். ஊர்த்தெரு வரைக்கும் கேட்டுச்சாம். அப்பறம் அவன் பம்புசெட்டு பக்கம் போய் குந்திக்கினான்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா?"

"நீ எங்க கேட்ட?"

அந்த ஆறு பேரில் இன்னொருத்தி அங்கேயே கறி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் கரண்டியை அண்டாவில் தட்டி அன்றைக்குப் பாடிய பாட்டை எடுத்தாள். அம்மா சேர்ந்துகொண்டாள். உள்ளே பிரசங்கம் நடக்கிறது என்று ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். யாரும் நிறுத்தவில்லை. நானும்தான் பாடினேன். இத்தனை வருஷமாக அம்மாவைப் பாவப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பாவப்பட்டவள் இல்லை.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, குட்டி போடுகிற பக்கத்தின் ஓரத்தில் அம்மாவின் கட்டைவிரல் சிவப்பாகப் பதிந்திருந்தது. ஜனவரி ரெண்டாம் தேதி மேடம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து அங்கே நின்றார்.

"இது யாரு?"

"எங்கம்மா. சமையல்ல இருந்தாங்க. தொடச்சா படம் போயிடும்னு விட்டுட்டேன்."

"ஸாரின்னுகூடச் சொல்லமாட்டியா?"

"கிழியாம கொண்டாந்திருக்கேன் மேடம். படிக்கறப்ப கை படத்தான செய்யும்?"

அவர் புத்தகத்தைப் பூத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஆறு மாசம் கடைப்பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வீட்டு வரி ரசீதை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், சில்லறையை வாங்கிக்கொண்டு, "உங்கம்மா சௌக்கியமா?" என்று கேட்டார். சௌக்கியம் என்றேன்.

போன வருஷம் டிசம்பரில் செயலாளரே வீட்டுக்கு வந்தார். கொட்டகையில் கதை படித்தது காலனி பூராவும் பரவி, பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். "ஆராதனையில பத்து நிமிஷம் போட்டுடறேன். நோட்டீஸ்ல உன் பேரையும் சேத்துக்கோ."

"வேணாண்ணே."

"போன வருஷம் நீதான கேட்ட? இப்ப இன்னா பேஜாரு பண்ற?"

"உள்ள படிச்சா அடுப்புகிட்ட இருக்கறவங்களுக்குப் படம் தெரியாதுண்ணே. கேக்கணும்னு ஆசப்படறவங்க அங்க வரட்டும்."

தலையில் அடித்துக்கொண்டு போனார். புத்தகம் இப்போது என்னிடம் இல்லை. மேடத்துக்குப் பண்ணிய ஸ்கேனை நான் எடுத்து வைத்துக்கொள்ளவும் இல்லை. நான் எழுதிய தமிழைப் பெரிய எழுத்தில் அடித்து, புகை படாமல் லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன். படங்கள் அந்தப் பொம்பளைகளுக்கு மனப்பாடம். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களே பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அந்தக் கிறிஸ்மஸுக்கு உள்ளே டான்ஸ் முடிந்ததும் பிள்ளைகள் ஜிகினாத் துணியோடு கொட்டகைக்கு ஓடிவந்தார்கள். பின்னாலேயே பாஸ்டரம்மாவும் வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, பலகை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு கத்தியையும் வெங்காயக் கூடையையும் அவர் பக்கம் தள்ளினாள்.